ஊதா மூடிக் குழாயும் 8.4 பொட்டாசியமும்

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் நான். அந்த வகை மாத்திரை சிலருக்குப் பொட்டாசியத்தை ஏற்றிவிடும் என்பதால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை உண்டு. அப்படி ஒருநாள் காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். மாலையில் மருத்துவமனையிலிருந்து போன். "உடனே அவசரப் பிரிவுக்கு வாங்க. தனியா வண்டி ஓட்டிட்டு வராதீங்க." பொட்டாசியம் 8.4 என்று வந்திருக்கிறதாம். 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது.

இந்த அவசரத்தை நான் குறை சொல்லமாட்டேன். நிஜமாகவே அவ்வளவு ஏறினால் இதயம் நின்றுபோகலாம்.

போனதும் படுக்கவைத்து மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். எனக்கோ ஒரு தொந்தரவும் இல்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள்? நர்ஸ் இன்சுலினும் குளுக்கோஸும் எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டார். சர்க்கரையே இல்லாதவனுக்கு எதற்கு இன்சுலின் என்றேன். பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்களுக்குள் தள்ளிவிட அதைக் கொடுப்பார்களாம்.

அதற்குள் டூட்டி டாக்டர் வந்தார். வயதில் சின்னவர்தான். ஈசிஜி தாளை விரித்துப் பார்த்தார். பொட்டாசியம் மிக அதிகமானால் பெரும்பாலும் அதில் டி அலை என்கிற மேடு கூம்பு மாதிரி நிமிர்ந்து நிற்கும். என்னுடையது சாதாரணமாக இருந்தது. அப்புறம் அதே ரிப்போர்ட்டில் கால்சியம் எவ்வளவு என்று தேடினார். 4.6. குறைந்தது 8.5 இருக்க வேண்டும். "இது உண்மைன்னா உங்களுக்குக் கைகால் எல்லாம் இழுத்துக்கிட்டிருக்கும் சார். நீங்க கால்மேல கால் போட்டுப் படுத்திருக்கீங்க" என்றவர், "ரத்தம் எடுத்தப்ப ஒரு குழாயிலிருந்து இன்னொண்ணுக்கு ஊத்தினாங்களா?" என்று கேட்டார்.

ஊற்றினார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஊதா மூடிக் குழாய் நிறைந்துவிட்டது, பொட்டாசியம், கால்சியம் பார்க்கிற சிவப்பு மூடிக் குழாய்க்கு ரத்தம் போதவில்லை. ரத்தம் எடுத்தவர் ஊதா மூடியைத் திறந்து கொஞ்சம் சிவப்பில் சாய்த்தார்; விளிம்பில் நின்ற சொட்டைப் பஞ்சால் ஒற்றியெடுத்தார். இன்னொரு தடவை ஊசி குத்தாமல் விட்டாரே, நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க இடிடிஏ என்ற ரசாயனம் இருக்குமாம். பெரும்பாலும் பொட்டாசியம் உப்பாகத்தான் அது இருக்கும். கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் உறைதலைத் தடுக்கிறது. ஆக, அந்த ரத்தம் கொஞ்சம் கலந்தாலே பொட்டாசியம் மேலே, கால்சியம் கீழே. இரண்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் லேபிலேயே பிடிபட்டிருக்கும். எனக்கு ஆத்திரம் அங்கேதான். ஊற்றியவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவருக்குமா?

மறுபடி, இன்னொரு கையில் ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் 4.3, கால்சியம் 9.4. எடுத்துவைத்த இன்சுலினைப் போடாமலே திரும்ப உள்ளே வைத்துவிட்டார்கள். போட்டிருந்தால் சரியாக இருந்த பொட்டாசியமும் சர்க்கரையும் நிஜமாகவே இறங்கியிருக்கும்.

அதோடு முடியவில்லை. முதல் ரிப்போர்ட்டை ரத்து செய்யச் சொல்லி லேபில் கேட்டால், "அதான் ரிப்பீட் நார்மல் வந்துடுச்சே சார், அப்புறம் என்ன?" என்கிறார் பொறுப்பாளர். என்னவா? நாளைக்கு வேறொரு டாக்டர் கம்ப்யூட்டரில் 8.4-ஐப் பார்த்துவிட்டு, எனக்கு ஒத்துப்போகிற மாத்திரையை நிறுத்திவிடலாம். இதை விளக்கிச் சொன்னபோது தலையாட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மருத்துவக் கண்காணிப்பாளருக்கு, எந்தக் குழாயிலிருந்து எதற்கு ஊற்றினார்கள் என்பது உட்பட எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் திருத்திய ரிப்போர்ட் வந்தது: "மாதிரியில் கலப்பு, முடிவு செல்லாது." அதன் நகல் இப்போது என் ஃபைலில் முதல் பக்கம். கம்ப்யூட்டரிலும் அந்த வரியை ஏற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.