இருபடிச் சமன்பாடுகளோடு நாங்கள் பட்ட பாடு

பகிர்வு 1

(ய − 2)(ய − 3) = 2 என்ற கணக்குக்குப் பள்ளித் தேர்வில் நான் எழுதிய விடை இன்றும் நினைவில் இருக்கிறது. காரணிகளைப் பிரித்தே கொடுத்துவிட்டார்கள் என்ற மகிழ்ச்சியில் ய − 2 = 2, ய − 3 = 2 எனத் தனித்தனியே எழுதி, 4, 5 என்று முடித்துவிட்டேன். சரிபார்ப்பதற்காக 4-ஐப் பிரதியிட்டபோது 2 × 1 = 2 என்று அது பொருந்தியும்விட்டது; பொருந்தாமல் போயிருந்தால் அங்கேயே விழித்துக்கொண்டிருப்பேன். 5-ஐப் பிரதியிட்டால் 3 × 2 = 6 வரும் என்பதைப் பார்க்கவே இல்லை. பெருக்குத்தொகை 0 ஆனால் காரணிகளில் ஒன்றாவது 0 ஆகியே தீர வேண்டும், 2 ஆனால் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை என்று ஆசிரியர் விளக்கிய பிறகுதான், அனைத்தையும் ஒரு பக்கம் கொண்டுவந்து ய² − 5ய + 4 = 0 என்று எழுதி, 1, 4 ஆகிய மூலங்களை, அதாவது சமன்பாட்டுக்குப் பொருந்தும் ய மதிப்புகளைக் கண்டேன். தற்செயலாகச் சரியாக அமைந்த 4-க்கு அவர் மதிப்பெண் தரவில்லை, தந்திருக்கவும் கூடாது.

பகிர்வு 2

ய² + 6ய − 4 = 0 என்பதில் நடு உறுப்பைப் பிரிக்க முயன்று ஒரு மாலைப்பொழுதையே இழந்தவன் நான். பெருக்கினால் −4, கூட்டினால் 6 வரும் முழு எண் இணை எதுவும் இல்லை; தன்மைகாட்டி (அய² + ஆய + இ = 0 என்பதில் ஆ² − 4அஇ) 36 + 16 = 52 ஒரு முழு வர்க்கம் அல்ல என்பதை முதலிலேயே பார்த்திருந்தால் அந்தத் தேடலே தேவைப்பட்டிருக்காது. இடப்புறத்தை ஒரு முழு வர்க்கமாக மாற்றும் வர்க்கப் பூர்த்தி முறையிலோ, ய² + 6ய = 4 என எழுதி இருபுறமும் 9-ஐக் கூட்டியதும் (ய + 3)² = 13 என்றாகி, ய = −3 ± √13 என்று கிடைத்துவிடுகிறது.

ஆனால் அந்த 9 எதற்காக என்பது, ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியின் படத்தைப் பார்க்கும்வரை எனக்குப் புரியவில்லை. ய² + 10ய = 39 என்பதை அவர் ஒரு சதுரமாகவே வரைகிறார். பக்கம் ய கொண்ட சதுரத்தின் இரு பக்கங்களில் 5 அகலமுள்ள பட்டைகளை ஒட்டினால், ஒரு மூலையில் மட்டும் 5 × 5 அளவில் வெற்றிடம் எஞ்சுகிறது; அந்த 25-ஐ நிரப்பினால் மொத்தப் பரப்பு 64, பக்கம் 8, ஆகவே ய = 3. 'பூர்த்தி' என்ற சொல் அந்த மூலையைத்தான் சொல்கிறது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. நீளம் குறை எண்ணாக இருக்க முடியாததால் −13 என்னும் மற்றொரு மூலம் படத்தில் தோன்றாது. படத்தை மட்டுமே நம்பி அதை விட்டுவிட்டு நான் மதிப்பெண் இழந்தது தனிக்கதை.

பகிர்வு 3

பின்னங்களுக்கு அஞ்சுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். 3ய² + 5ய − 2 = 0 என்பதை 3-ஆல் வகுத்து, 5/3-இல் பாதியை எடுத்து, அதை வர்க்கமாக்கும் இடத்தில் நான் சறுக்காத நாளே இல்லை. இந்தியக் கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர் மேற்கோள் காட்டும், அவருக்கு முந்தைய கணித அறிஞரான ஸ்ரீதரரின் விதியோ, வகுப்பதற்குப் பதிலாக முதல் கெழுவின் (ய²-இன் முன்னுள்ள எண்ணின்) நான்கு மடங்கால் பெருக்கச் சொல்கிறது. 12-ஆல் பெருக்கினால் 36ய² + 60ய = 24; முதலில் இருந்த நடுக்கெழுவான 5-இன் வர்க்கமான 25-ஐ இருபுறமும் கூட்டினால் (6ய + 5)² = 49; எனவே ய = 1/3 அல்லது −2. வலப்புறம் 49 என்ற முழு வர்க்கம் வந்ததைப் பார்த்த பிறகே, இது (3ய − 1)(ய + 2) என்று எளிதாகப் பிரிந்திருக்கும் என்பதைக் கவனித்தேன்.