சர்வீஸ் பண்ணி மூணு வாரத்துல ஏசில தண்ணி ஒழுகுது, கேஸ் குறைவுதான் காரணமா?

மாடிவீடு_திருநகர்

வணக்கம். ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி, இன்வெர்ட்டர் வகை (கம்ப்ரஸர் வேகம் தானாக் கூடிக் குறையுறது), ஆர்-32 கேஸ், மாட்டி அஞ்சு வருசம் ஆகுது. மதுரை திருநகர்ல மேல்மாடி படுக்கையறை, அவுட்டோர் மொட்டை மாடில இருக்கு. பங்குனி கடைசில சர்வீஸ் ஆச்சு. ஃபில்டரைக் கழுவினாங்க, இன்டோருக்கு அடில பை மாட்டி உள்ள காத்தைக் குளிர்விக்கிற காயில்ல ஜெட் பம்ப் வச்சு தண்ணி அடிச்சாங்க, இருபது நிமிசத்துல முடிச்சிட்டாங்க. வேற எதையும் கழட்டல.

இப்ப மூணு வாரம் கழிச்சு, எதிர்ல நின்னு பார்த்தா இடது மூலைலருந்து தண்ணி சொட்டுது. ஏசி போட்டு முக்கால் மணி நேரத்துல ஆரம்பிக்குது. போட்ட முதல் அஞ்சு நிமிசம் ஈரத்துணி நாத்தம் வேற. குளிர்ச்சி பரவால்ல, ஆனா காத்து முன்ன மாதிரி வேகமா வரல. திரும்பக் கூப்பிட்டா வந்து பார்த்துட்டு, "கேஸ் கம்மி, அடைச்சா சரியாயிரும்"ங்கிறாங்க.

கேக்க வேண்டியது ரெண்டு. தண்ணி ஒழுகுறதுக்கும் கேஸுக்கும் சம்பந்தம் உண்டா? முழு சர்வீஸ்னா என்னென்ன பண்ணணும்?

குளிர்வேலை_வில்லாபுரம்

கேஸுக்குக் காசு குடுக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. கேஸ் குறைஞ்சும் தண்ணி ஒழுகும்தான், ஆனா ஒரே ஒரு வழியில: காயில்ல ஐஸ் கட்டி, ஏசியை அணைச்சதும் அது உருகி, காயிலுக்கு அடில தண்ணி பிடிக்கிற ட்ரேக்கு வெளிய விழும். உங்களுக்கு ஏசி ஓடும்போதே சொட்டுது, குளிர்ச்சியும் இருக்கு. அதனால முதல் சந்தேகம் தண்ணியை வெளிய கொண்டு போற ட்ரெய்ன் பைப் மேலதான்.

கேஸ் நிலவரத்தை நீங்களே பார்த்துக்கலாம். ரிமோட்ல ஆகக் குறைஞ்ச டிகிரி வச்சு, ஃபேன் வேகத்தைக் கூட்டி, கதவை அடைச்சு இருபது நிமிசம் ஓடவிடுங்க. 2020 ஜனவரிலருந்து ஸ்டார் முத்திரை ஏசி எல்லாம் ஆன் பண்ணதும் 24-ல நிக்கிற மாதிரிதான் வரணும்னு விதி. அதனால கையால இறக்கி வைக்கணும், இல்லன்னா இன்வெர்ட்டர் வேகத்தைக் குறைச்சுக்கும், அளவு தப்பாத் தெரியும். அப்புறம் ஒரு தெர்மாமீட்டரை இன்டோரோட மேல்பக்கம், காத்து உள்ள போற இடத்துல வைங்க. அடுத்து காத்து வெளிய வர்ற வாய்ல வைங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் 10 டிகிரி, அதுக்கு மேல இருந்தா கேஸ் போகல. முன்மூடியைத் தூக்கி, ஃபில்டரை எடுத்துட்டு காயிலையும் பாருங்க. முழுசும் ஒரே மாதிரி ஈரமா வேர்த்திருந்தா நல்லது. ஒரு ஓரத்துல மட்டும் வெள்ளையா ஐஸ் பிடிச்சு, மிச்சம் காஞ்சு கிடந்தா கேஸ் குறைவு. முழு காயிலும் ஐஸ் பிடிச்சா அது பெரும்பாலும் காத்து போகாத கோளாறு: ஃபில்டரோ, காத்தைத் தள்ளுற ப்ளோயரோ அடைச்சிருக்கும்.

இன்னொரு விசயம். கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்றது இல்ல. மூடின குழாய்க்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும். குறைஞ்சா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். கசியுற இடத்துல எண்ணெய்க் கறை இருக்கும், பெரும்பாலும் அவுட்டோர் வால்வு நட்டுல. அங்க சோப்பு நுரை வச்சுப் பார்க்காம கேஸ் அடைக்கிறவர்கிட்ட வேலை குடுக்காதீங்க. இன்வெர்ட்டர்ல கேஜ் மாட்டி பிரஷரை மட்டும் பார்த்து "கம்மி"ன்னு சொல்றதும் சரிவராது, கம்ப்ரஸர் வேகத்துக்கு ஏத்த மாதிரி பிரஷர் மாறும். கசிவை அடைச்சு, நைட்ரஜன் ஏத்தி பிரஷர் குறையாம நிக்குதான்னு பார்த்து, வேக்குவம் பம்ப் போட்டு உறிஞ்சி, அவுட்டோர் தகட்டுல எழுதியிருக்கிற கிராம் கணக்குப்படி தராசு வச்சு ஏத்தணும். அதுதான் முறை. ஆர்-32 தீப்பிடிக்கிற குணம் உள்ளது, கேஸ் உள்ள இருக்கும்போது பக்கத்துல குழாய் பத்த வைக்கிற நெருப்பு டார்ச்சைக் கொளுத்தவே கூடாது.

இப்ப ஒழுகலுக்கு வருவோம். நீங்க "இடது மூலை"ன்னு சொன்னதுதான் முக்கியம். நிறைய மாடல்ல ட்ரேக்கு ரெண்டு பக்கமும் தண்ணி போற வாய் இருக்கும். ஒண்ணுல ட்ரெய்ன் பைப், இன்னொண்ணுல விரல் நுனி அளவு ரப்பர் மூடி. அந்த மூடி தளர்ந்து இருந்தாலும் ட்ரே பைப் பக்கம் சாய்ஞ்சிருக்கிறதால உடனே ஒழுகாது. ஆனா உங்களுக்கு ஜெட் அடிச்சப்ப காயில்லருந்து கரைஞ்ச அழுக்கு எங்க போச்சு? ட்ரேல விழுந்து, அங்கிருந்து பைப்புக்குள்ள போய்ப் படிஞ்சிருக்கும். அது பாசி கட்டி, சளி மாதிரி வழவழன்னு ஆக ரெண்டு மூணு வாரம் போதும். பைப் பாதி அடைச்சதும் ட்ரேல தண்ணி மட்டம் ஏறும், ஏறினது அந்தத் தளர்ந்த மூடி வழியா இடதுல இறங்கும். மூணு வாரக் கணக்கும் முக்கால் மணிக் கணக்கும் இதோட ஒத்துப்போகுது.

சோதிக்க ஒரு செம்புத் தண்ணி போதும். மெயினை அணைச்சுட்டு, காயிலோட பைப் பக்கத்து ஓரத்துல மெல்ல ஊத்துங்க, சர்க்யூட் போர்டு இருக்கிற பெட்டி மேல ஒரு சொட்டும் படக்கூடாது. ஊத்துற வேகத்துக்கு வெளிய பைப் நுனில தண்ணி வரணும். தேங்கித் தேங்கி வந்தா அடைப்பு. அடைப்பை வெளிநுனில தண்ணி உறிஞ்சுற வேக்குவம் கிளீனர் வச்சு உறிஞ்சி எடுக்கணும். வாய் வச்சு ஊதுனா அழுக்கு திரும்ப ட்ரேக்கே வரும்.

பைப் போற வழியையும் ஒரு நடை பாருங்க. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறக்கம் இருக்கணும். நடுவுல தொங்கி வளைஞ்சிருந்தா அந்த வளைவுல எப்பவும் தண்ணி நிக்கும், அழுக்கு அங்கதான் சேரும். நுனி வாளித் தண்ணிக்குள்ள முங்கியிருக்கக் கூடாது.

குளிர்வேலை_வில்லாபுரம்

ரெண்டாவது கேள்விக்குத் தனியா எழுதுறேன், நீளமா இருக்கும்.

காத்து வேகம் குறைஞ்சதுக்கும் நாத்தத்துக்கும் காரணம் ப்ளோயர். ஏசி வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. நீளமா உருளை ஒண்ணு தெரியும், அதுல வரிசையா வளைஞ்ச இலைகள் இருக்கும். ஒவ்வொரு இலையோட குழிவுலயும் கறுப்பா, ஈரமான பஞ்சு மாதிரி அழுக்கு அப்பியிருந்தா, காத்தை அள்ள அங்க இடமே இல்லன்னு அர்த்தம். ஜெட்டை முன்னாடி காயில்ல அடிச்சா இந்த அழுக்கு போகாது. நனைஞ்சு இன்னும் நல்லா ஒட்டிக்கும், பூஞ்சை பிடிக்கும். ஈரத்துணி வாடை அங்கிருந்துதான் வருது.

முழு சர்வீஸுக்கு ஒன்றரை மணி நேரத்துலருந்து ரெண்டு மணி நேரம் ஆகும். எம்சிபியை (ஏசிக்குக் கரண்ட் போற பிரேக்கர் சுவிட்சை) இறக்கிட்டு, அவுட்டோரைத் தொடுறதுக்கு முன்ன பத்து நிமிசமாவது விடணும், இன்வெர்ட்டர் போர்டுல உள்ள கண்டன்சர்ல, அதாவது கெப்பாசிட்டர்ல, கரண்ட் நிக்கும். இன்டோர் வெளிமூடியைக் கழட்டி, ஒயர் இணைப்பைப் படம் எடுத்துக்கிட்டு, போர்டு பெட்டியைப் பிளாஸ்டிக் தாள்ல சுத்தணும். காயில்ல செருகியிருக்கிற சென்சரை மெல்ல உருவி எடுத்து, முடிஞ்சதும் அதே குழாய்க்குள்ள திரும்பச் செருகணும். இதை வெளிய தொங்க விட்டுட்டா காயிலோட உண்மையான சூடு போர்டுக்குத் தெரியாது, சம்பந்தமில்லாம கம்ப்ரஸர் நிக்கும், இல்ல ஐஸ் கட்டும். அப்புறம் ட்ரே. அதைத் தொட்டியில போட்டுப் பல்துலக்கும் பிரஷ்ஷால தேய்க்கணும், வாய் ரெண்டையும் கம்பி விட்டுப் பார்க்கணும்.

ப்ளோயரை வலதுபக்கம் மோட்டார் தண்டோட ஒரு ஸ்க்ரூ பிடிச்சிருக்கும். இடதுல ரப்பர் புஷ்ல உட்கார்ந்திருக்கும். அதைத் தளர்த்தி உருவி, லேசான சோப்புத் தண்ணில அரை மணி ஊறவச்சு, ஒவ்வொரு இலையாப் பிரஷ் பண்ணணும். சில ப்ளோயர்ல ஏதோ ஒரு இலையில சின்ன இரும்பு கிளிப் ஒண்ணு மாட்டியிருக்கும். குப்பைன்னு நினைச்சுப் பிடுங்கிடுவாங்க. சமநிலைக்காகக் கம்பெனியில வச்ச எடை அது. போச்சுன்னா ஏசி ஓடும்போது அதிர்வும் சத்தமும் நிக்கவே நிக்காது.

காயிலை முதல்ல காஞ்ச பிரஷ்ஷால மேலிருந்து கீழா மட்டும் தேய்க்கணும். குறுக்க தேய்ச்சா அலுமினியத் தகடு மடங்கிரும். காயில் முன்னாடி மட்டும் இல்ல, கூரை மாதிரி மடங்கிப் பின்னாடியும் ஒரு பலகை இருக்கு, நிறைய பேர் விட்டுடறது அதைத்தான். காயில் கிளீனரை டப்பாவுல எழுதியிருக்கிற அளவுக்குத் தண்ணி கலந்து தெளிச்சு, பத்து நிமிசம் விட்டு, குறைஞ்ச பிரஷர்ல கழுவணும். ஆசிட், பாத்ரூம் கழுவுற திரவம், பிளீச்சிங் எதுவும் வேண்டாம். அன்னைக்குப் பளபளன்னு இருக்கும், ஆனா தகட்டு மேல உள்ள பூச்சை அரிச்சிரும், அடுத்து செம்புக் குழாய்ல பொத்தல் விழும். அப்பதான் நெசமாவே கேஸ் போகும்.

தண்ணியும் கவனிக்கணும். நம்ம பக்கம் நிறைய வீட்டுல போர்த் தண்ணி உப்பு. அதுல கழுவிக் காஞ்சா தகட்டுல வெள்ளையாப் படியும். கடைசி அலசலுக்காவது ரெண்டு குடம் நல்ல தண்ணி எடுத்து வைங்க. வெயிலுக்கு இதமா இருக்கட்டும்னு ஓடுற அவுட்டோர் மேல போர்த் தண்ணியைத் தெளிக்கிறதும் வேண்டாம்.

அவுட்டோரை உள்பக்கத்துலருந்து வெளிப்பக்கமா கழுவணும், அழுக்கு வெளிலருந்துதான் உள்ள போயிருக்கும். ஜெட்டை ஒன்றரை ரெண்டு அடி தள்ளி நேராப் பிடிக்கணும், சாய்ச்சுப் பிடிச்சா தகடு படுத்துரும்.

மின்பணி_மேலூர்

மேல சொன்னதோட கரண்ட் பக்கத்தையும் சேர்த்துக்கோங்க. சர்வீஸ் அன்னைக்கே அவுட்டோர் டெர்மினல் ஸ்க்ரூவை எல்லாம் ஒரு தடவை முறுக்கணும். சூட்டுலயும் அதிர்வுலயும் தளர்ந்து, ஒயர் நுனி கறுத்துப்போய், ஒருநாள் உருகிரும். கறுத்த நுனியை வெட்டிட்டுப் புது லக் (ஒயர் நுனில மாட்டுற உலோக முனை) போடணும். எர்த் இருக்கான்னு மீட்டர் வச்சுப் பார்க்கணும்.

சுவர்ல பைப் போற ஓட்டையைப் புட்டி வச்சு அடைங்க. போர்டு போறதுக்கு இந்த ஊர்ல பெரிய காரணம் பல்லியும் எறும்பும். குறுக்க விழுந்து ஷார்ட் ஆயிரும்.

இன்வெர்ட்டர் ஏசி வச்சிருக்கவங்ககிட்ட "கம்ப்ரஸர் கண்டன்சர் போச்சு, மாத்தணும்"னு யாராவது சொன்னா சந்தேகப்படுங்க. பழைய ஃபிக்ஸட் ஸ்பீடு ஏசியிலதான் கம்ப்ரஸருக்குத் தனியா ரன் கண்டன்சர் இருக்கும். இன்வெர்ட்டர்ல அந்த வேலையை போர்டே பார்க்குது.

கேகேநகர்_அக்கா

தம்பி, வீட்டுல நம்மளே பண்ண வேண்டியதை யாரும் எழுதல. ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை கழுவுங்க, மெயின் ரோட்டு மேல வீடுன்னா, ஆடிக் காத்து நேரம்னா, வாரம் ஒருதடவை. தூசி படிஞ்ச பக்கம் கீழ பார்த்து இருக்க, பின்பக்கத்துலருந்து குழாய்த் தண்ணி விடணும். வெந்நீர் வேண்டாம், வெயில்ல காயப்போடவும் வேண்டாம், சட்டம் வளைஞ்சிரும். நிழல்ல நல்லாக் காஞ்சப்புறம் மாட்டணும், ஈரத்தோட மாட்டினா தூசி சேறாகும்.

ஏசி ஓடுற அறையில சாம்பிராணி, கொசுவர்த்தி போடாதீங்க. அந்தப் புகையில உள்ள பிசின் ப்ளோயர்ல பசை மாதிரி ஒட்டும், அப்புறம் வர்ற தூசி எல்லாம் அதுலதான் அப்பும். சமையலறைத் தாளிப்புப் புகை வர்ற கூடத்து ஏசிக்கும் இதே கதிதான். அணைக்கிறதுக்கு முன்ன இருபது நிமிசம் ஃபேன் மோடுல விட்டா காயில் காயும், வாடை பாதி குறையும்.

ட்ரெய்ன் பைப்பைச் சாக்கடைக் குழாய்ல சொருகியிருக்காங்களான்னும் பாருங்க. அப்படி இருந்தா அந்தக் காத்தும் கரப்பானும் அதே வழியா அறைக்குள்ள வரும்.

மாடிவீடு_திருநகர்

எல்லாருக்கும் நன்றி. சோதிச்சதைச் சொல்லிடறேன். மேல உள்ள போற காத்து 29, வெளிய வர்றது 17. காயில் முழுசும் ஒரே ஈரம், ஐஸ் இல்ல. செம்புத் தண்ணி ஊத்தினா வெளிய நூல் மாதிரிதான் வந்துச்சு. பைப் பால்கனி மூலைல ஒரு சாண் தொங்கி வளைஞ்சிருந்துச்சு. உறிஞ்சி எடுத்ததுல சாம்பல் நிறத்துல கொழகொழன்னு ஒரு கைப்பிடி வந்துச்சு. இடதுபக்க ரப்பர் மூடி பாதிதான் உள்ள இருந்துச்சு, அமுக்கி விட்டேன். ரெண்டு ராத்திரியா சொட்டல. வாடை மட்டும் இருக்கு. ப்ளோயரைக் கழட்டிக் கழுவ ஆள் வைக்கலாமா, இல்ல கோடை முடியட்டுமா?

குளிர்வேலை_வில்லாபுரம்

12 டிகிரி வித்தியாசம், கேஸ் சரியா இருக்கு. அந்தப் பேச்சை விட்டுருங்கண்ணே.

ப்ளோயரை இப்பவே பண்ணிருங்க. அக்னி நட்சத்திரம் வந்துட்டா நல்ல ஆளு கிடைக்கிறது கஷ்டம், அவசரத்துல வர்றவங்க கழட்ட மாட்டாங்க. கூப்பிடும்போதே "ப்ளோயரும் ட்ரேயும் கழட்டிக் கழுவணும், ரெண்டு மணி நேரம் ஆகும்"னு சொல்லி ஒத்துக்கிட்டா மட்டும் வரச் சொல்லுங்க. இப்படிக் கழட்டுற சர்வீஸ் வருசத்துக்கு ஒண்ணு போதும், மாசிக் கடைசில. ஐப்பசி மழைக்கு முன்ன ட்ரெய்னை மட்டும் ஒருதடவை தண்ணி ஊத்திப் பாருங்க. காத்துல ஈரம் கூடுனா ஒன்றரை டன்ல மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலயே தண்ணி இறங்கும், கோடையில தாங்கின பாதி அடைப்பு அப்ப தாங்காது.

ரப்பர் மூடி அமுக்கினது போதாது. அஞ்சு வருசத்துல ரப்பர் இறுகியிருக்கும், ப்ளோயர் வேலை அன்னைக்குப் புதுசா ஒண்ணு வாங்கி மாட்டச் சொல்லுங்க. பால்கனி மூலைல தொங்குற பைப்புக்கு ஒரு அடிக்கு ஒரு கிளாம்ப் அடிச்சு இறக்கம் குடுத்துருங்க.