நித்தியகல்யாணிக் கஷாயமும் பேக்லிடாக்சல் டிரிப்பும்: சேரலாமா?

கேள்வி: மருந்தாளுநர், காரைக்குடி
மார்பகப் புற்றுக்கு வாராவாரம் பேக்லிடாக்சல் ஏற்றிக்கொள்ளும் ஆச்சி, சர்க்கரைக்கென்று முற்றத்து நித்தியகல்யாணிப் பூவைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார். "கேன்சர் மருந்தே இந்தச் செடியிலதானே எடுக்கிறாக, சேர்ந்தா நல்லதுதானே" என்கிறார் மகள். இரண்டுமே செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைத் தாக்குபவை என்பதால் பதில் சொல்லத் தடுமாற்றம். இன்னொன்று: உடற்பரப்பு 1.5 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு 80 மி.கி. வீதம் மருந்து 120 மி.கி. இதை 500 மி.லி. சலைனில் கலக்கலாமா?

பதில் 1: புற்றுநோய் மருத்துவர், மதுரை
செடியே வேறு. பேக்லிடாக்சல் முதலில் கிடைத்தது பசிபிக் யூ மரப்பட்டையில். நித்தியகல்யாணியில் இருப்பது வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும். வேலையும் நேர் எதிர். டியூபுலின் என்ற புரத மணிகள் கோத்துக் குழலாகும், தேவை முடிந்தால் உதிரும். நித்தியகல்யாணியின் இந்த வின்கா வகை மருந்துகள் கோக்க விடாது. பேக்லிடாக்சல் பீட்டா டியூபுலினைப் பிடித்துக்கொண்டு உதிர விடாது. எப்படியானாலும் குரோமோசோம்கள் ஒழுங்காகப் பிரியாமல் செல் பாதியில் நின்றுபோகிறது.

சிக்கல் நரம்பில். நரம்பிழைக்குள் சரக்கு போகும் தண்டவாளமும் இதே குழல்தான். நீண்ட இழைதான் முதலில் அடிவாங்கும். மரமரப்பு கால்விரலில் தொடங்குவது அதனால்தான். ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கே பல நூறு கிலோ காய்ந்த இலை தேவை. ஆகவே கஷாயம் புற்றை அடக்காது. நரம்பையும் வெள்ளணுவையும் சீண்டாது என்று அளவு தெரியாத கஷாயத்துக்கு யார் உத்தரவாதம் தருவது? சர்க்கரை ஏற்கெனவே நரம்பை அரித்திருக்கும், ஒவ்வாமைக்கு முன்கூட்டிக் கொடுக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை இன்னும் ஏற்றும். கஷாயத்தை நிறுத்தச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையைத் திருத்திக்கொள்ளலாம்.

பதில் 2: கீமோ பகல்நேரப் பிரிவுச் செவிலியர்
500 வேண்டாம். குப்பியில் மி.லி.க்கு 6 மி.கி., ஆக 20 மி.லி. எடுப்பீர்கள். கலந்தபின் மி.லி.க்கு 0.3 முதல் 1.2 மி.கி.க்குள் இருக்க வேண்டும். 250 மி.லி.யில் 0.44 வரும், சரி. 500இல் 0.23, எல்லைக்குக் கீழே.

பிவிசி பை, பிவிசி குழாய் கூடாது. கரைப்பானான கிரெமோஃபோர் பிளாஸ்டிக்கிலிருந்து டிஇஎச்பி என்ற மிருதுவாக்கும் வேதிப்பொருளை உருவிவிடும். 0.22 மைக்ரான் வடிகட்டி கட்டாயம். ஏற்றும் நேரம் ஒரு மணி. ஒவ்வாமை வருவதும் பெரும்பாலும் அந்தக் கிரெமோஃபோரால்தான், அதுவும் முதல் இரண்டு தடவைகளில், முதல் பத்து நிமிடத்துக்குள். ஸ்டீராய்டும் ஒவ்வாமை தடுப்பு ஊசியும் முன்கூட்டியே போயிருந்தாலும் அந்தப் பத்து நிமிடம் கட்டிலை விட்டு நகராதீர்கள். முகம் சிவந்தாலோ, மூச்சு இறுகினாலோ, முதுகு வலித்தாலோ உடனே டிரிப்பை மூடுங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி சார், நன்றி சிஸ்டர். மரமரப்புக்கு மாத்திரை ஏதாவது கொடுக்கலாமா?

பதில் 1 தொடர்ச்சி
வராமல் தடுக்க நிரூபணமான மாத்திரை கிடையாது. எரிச்சலும் வலியுமாக இருந்தால் துலாக்செட்டின் ஓரளவு உதவும். 'நரம்புச் சத்து' மாத்திரை அட்டையில் அசெட்டைல் எல் கார்னிட்டின் என்று இருந்தால் விற்காதீர்கள். மார்பகப் புற்றுப் பெண்களிடம் நடந்த பெரிய சோதனையில் அது மரமரப்பைக் கூட்டியது.

பதில் 2 தொடர்ச்சி
"மரத்துப்போச்சா" என்று கேட்டால் "இல்லை"தான் பதிலாக வரும். ஜாக்கெட் கொக்கி மாட்ட முடிகிறதா, கோலப்பொடி விரலிடுக்கில் நிற்கிறதா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் அடுத்த டிரிப்புக்கு முன்பே மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அளவைக் குறைப்பதா, தள்ளிப்போடுவதா என்று அவர் முடிவெடுப்பார். நம்ம ஊர் வீட்டுக்கென்றே ஒன்று: உச்சி வெயிலில் முற்றத்துக் கல் கொதிக்கும், மரத்த பாதத்துக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஈரமான ஆத்தங்குடித் தரையும் வழுக்கும். வீட்டுக்குள்ளேயும் செருப்பு போடச் சொல்லுங்கள், ஆச்சி முகம் சுளித்தாலும்.