ஸ்வெல் – தொலையலை? (கடல் வானிலைச் சொற்கள் இழைக்கு மறுமொழி)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வெப்பமண்டலக் கடல்களின் வானிலை அறிக்கையைத் தமிழில் எழுதிப் பார்க்கலாம் என்று தொடங்கிய இழை, 'ஸ்வெல்' (swell) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் தட்டி நிற்கிறது. அது ஒரு வகைக் கடலலையின் பெயர். நடுவில் ஒருவர், "சேலத்தில் இருப்பவருக்குக் கடலைப் பற்றி என்ன கவலை?" என்று கேட்டிருந்தார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. டிசம்பர் 2 காலைக் கணக்குப்படி ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. வங்கக்கடல் கிளம்பினால் சேர்வராயன் மலை நனைகிறது. கவலைப்படாமல் எப்படி இருப்பதுங்க?

சரி, சொல்லுக்கு வருவோம். கடற்பரப்பில் ஒரே நேரத்தில் இரண்டு வகை அலைகள் இருக்கும். ஒன்று, அங்கே அப்போது வீசும் காற்று கிளப்புவது. குட்டையாக, ஒழுங்கில்லாமல், முகட்டில் நுரை தள்ளிக்கொண்டு வரும். இன்னொன்று எங்கோ தொலைவில் புயல் கிளப்பிவிட்டது. இதைத்தான் ஸ்வெல் என்கிறார்கள். தன்னைக் கிளப்பிய காற்றை விட்டு விலகிய பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். போகப் போக ஒழுங்குபட்டு, வழவழப்பான நீண்ட மேடுகளாகும். இடைநேரம் (ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட நொடிகள்) அதிகமுள்ள அலை வேகமாகப் போகும் என்பதால் அதுதான் முதலில் வந்து சேரும். 18 நொடிக்கு ஒரு முகடு வரும் அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 50 கி.மீ. நகரும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் 7000 கி.மீ. தள்ளிக் கிளம்பியது ஆறு நாளில் கன்னியாகுமரிக்கு வந்துவிடும். அந்த ஆறாம் நாள் இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. ஆபத்தே அதில்தான்.

2024 மே மாதம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் வெளியூரிலிருந்து போன மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இப்படிப்பட்ட அலை வரும் என்று அதற்கு முன்பே எச்சரிக்கை விட்டிருந்தது. கடற்கரைக்காரருக்கு மட்டும் புரிந்தால் போதாது, சுற்றுலாப் பேருந்தில் கடல் பார்க்கப் போகும் நம்மூர்க்காரருக்கும் புரிய வேண்டும். அதனால்தான் இந்தச் சொல்லில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

> வீக்கலை என்று வைத்தால் என்ன? வீங்கி வருவதுதானே.

ஆங்கிலத்தில் வீங்கலாம். தமிழில் வீக்கம் காலுக்கு வரும், பணத்துக்கு வரும். கடலுக்கு வந்து நான் கேட்டதில்லை. 'எழுச்சி அலை' என்றால் புயல் கரையேறும்போது கடல்மட்டமே உயருமே, அதோடு குழம்பும். 'ஓதம்' பழைய சொல், அழகான சொல். ஆனால் பள்ளிப் பாடநூல் அதை ஏற்றவற்றத்துக்குக் கொடுத்துவிட்டது. பிள்ளைகள் உயர் ஓதம், தாழ் ஓதம் என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள், அதைக் கலைக்க வேண்டாம். 'நெட்டலை'யும் காலியில்லை, இயற்பியலில் ஒலி அலைக்கு அதுதான் பெயர்.

> மீனவர் சொல்லான கள்ளக்கடல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இதுதான் இந்த இழையில் வந்த நல்ல கேள்வி. கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் வழங்கும் சொல் அது. காற்றில்லாத நாளில் சொல்லாமல் கொள்ளாமல் கடல் ஏறி வருவதைக் குறிக்கிறது. 2012-இல் யுனெஸ்கோவே அறிவியல் வழக்குக்கு ஏற்ற சொல் அது. ஆனால் கள்ளக்கடல் என்பது கரையில் நிகழும் விளைவு. நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும் அலைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. மத்திய அமெரிக்காவுக்கு மேற்கே பசிபிக்கில், தென்கோளப் புயல்கள் அனுப்பிய அலை ஒன்றரை மீட்டர் உயரத்தில் சாதுவாகப் போகிறது என்று வையுங்கள். அதைக் கள்ளக்கடல் என்று எழுதினால் படிப்பவர் பதறிவிடுவார். கரையேறும்போது மட்டும் கள்ளக்கடல் என்போம். அந்தச் சொல்லின் கூர்மை அப்போதுதான் மழுங்காமல் இருக்கும்.

என் முன்மொழிவு 'தொலையலை'. தொலைவிலிருந்து வரும் அலை. தொலைபேசியும் தொலைக்காட்சியும் பழகிய காதுக்கு இது முரட்டுச் சொல்லாக இருக்காது. 'தொலைந்துபோன அலை என்று படுகிறது' என்று ஏற்காட்டு நண்பர் எழுதியிருந்தார். தொலைபேசியைத் தொலைந்துபோன பேசி என்று யாரும் படிப்பதில்லையே அண்ணா! புழங்கினால் சரியாகிவிடும். தொலையலை உயரம், தொலையலைத் திசை என்று ஒட்டவும் எளிது. இரண்டு முகடுகளுக்கு இடைப்பட்ட நொடிகளைப் பாடநூல்போல அலைவுக் காலம் என்னாமல் 'இடைநேரம்' என்றே விட்டுவிடலாம்.

இதற்கு இணையாக, அங்கேயே வீசும் காற்று கிளப்பும் அலைக்கும் பெயர் வேண்டும். 'காற்றலை' என்று இரண்டு பேர் சொன்னீர்கள். ஒரு துணைக்கால் கூடினால் காற்றாலை ஆகிவிடும். தட்டச்சுப் பிழையில் அரபிக்கடல் முழுக்கக் காற்றாலைகள் நிற்கும் முப்பந்தல் ஆகும்! கொங்குப் பக்கம் காற்றடி காலம் என்கிறோமே, அதிலிருந்து 'காற்றடி அலை' என்று எடுத்துக்கொள்ளலாம்.

திசையில் ஒரு எச்சரிக்கை. காற்றுக்கும் தொலையலைக்கும் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத் திசை சொல்வார்கள். நீரோட்டத்துக்கு எங்கே போகிறது என்பதை வைத்து. தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் சொல்லிப் பழகிய நமக்கு முதலாவதில் சிக்கல் இல்லை. நீரோட்டத்துக்கு மட்டும் 'வடக்கு நோக்கிய' என்று விரித்து எழுதிவிடுவது நல்லது.

அடுத்தது 'சிக்னிஃபிகன்ட் வேவ் ஹைட்'. 'குறிப்பிடத்தக்க அலை உயரம்' என்று பல இடங்களில் வருகிறது. எனக்கு இதில் கடும் மறுப்பு உண்டு. குறிப்பிடும்படியான உயரத்தில் அலை வருகிறதாம் என்று வாசகர் நினைத்துக்கொள்வார். உண்மையில் அது ஒரு கணக்கு. அலைகளை உயர வரிசையில் நிறுத்தி, மேல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி பார்ப்பது. இரண்டாம் உலகப்போரில் படை கரையிறங்கக் கடல் எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவேண்டி வந்தபோது ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் என்ற கடலியலாளர்கள் கொண்டுவந்த அளவு இது. பழகிய மாலுமி கண்ணால் பார்த்துச் சொல்லும் உயரமும் இதுவும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். ஆகவே 'உயரலைச் சராசரி'. 3 மீட்டர் என்று அறிக்கை சொன்னால் நடுவில் ஏறத்தாழ 6 மீட்டர் அலை ஒன்று வந்து நிற்கலாம். 'குறிப்பிடத்தக்க' என்ற அடைமொழி அதைச் சொல்லாது. 'சராசரி' என்று கேட்டதும் இதைவிடப் பெரிதும் உண்டு என்று யாருக்கும் தோன்றும்.

அடுத்தது ட்ரேட் விண்ட், வெப்பமண்டலக் கடல்களில் கிழக்குப் பக்கமிருந்து ஓயாமல் வீசும் காற்று. பாடநூல் அதை 'வியாபாரக் காற்று' என்கிறது. அந்த ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் தடம், வழி. ஒரே தடத்தில் வீசுவதால் வந்த பெயர். 'தடக்காற்று' போதும்.

சோதனைக்காக நானே எழுதிப் பார்த்த பத்தி:

"கொலம்பியாவுக்கு வடக்கே கரீபியக் கடலில் கிழக்குத் தடக்காற்று மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் வீசும். காற்றடி அலையால் உயரலைச் சராசரி 3 மீட்டர் வரை இருக்கும். மெக்சிகோவின் தெவான்தெபெக் வளைகுடாவில் கணவாய்க்காற்று நாளை இரவு வலுக்கும். அதற்கு மேற்கே வடமேற்குத் தொலையலை, இடைநேரம் 15 நொடி."

கணவாய்க்காற்று எனக்குத் தானாக வந்து விழுந்தது. குளிர்காலத்தில் மெக்சிகோ வளைகுடாவின் குளிர்ந்த காற்று மலை இடைவெளியில் நெருக்கிப் புகுந்து பசிபிக் பக்கம் சீறுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை வாங்கிய கோவைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மிச்சம் இருப்பது, வடகோளத் தடக்காற்றும் தென்கோளத் தடக்காற்றும் சந்திக்கும் மேகப்பட்டை. 'ஒருங்கல் வலயம்' என்று ஈழத்தில் ஏற்கெனவே உண்டு. அதையே எடுத்துக்கொள்வோம், இன்னொன்று செய்யவேண்டாம்.

தூத்துக்குடி, நாகை, இராமேசுவரம் பக்கத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். காற்றே இல்லாத நாளில் நடுக்கடலில் படகைத் தூக்கித் தூக்கி இறக்கும் நீண்ட அலைக்கு உங்கள் ஊர்ப் படகுக்காரர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கரையில் உடைவது வேண்டாம், நடுக்கடலில் வருவது. அப்படி ஒன்று கிடைத்தால் தொலையலையை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.