மறு: திருவிழா நாடகம், மூன்றாம் அங்கத்துக்கு நிதி

அனுப்புபவர்: மரக்கடை வீட்டு இளையவன், சிங்கப்பூர்

பெரியவர்களுக்கு வணக்கம்.

நாடகத்தின் மூன்றாம் அங்கத்தை நடத்திமுடிக்கப் பணம் கேட்டு பர்மாவில் உள்ள நம் ஊரிலிருந்து இரண்டு கடிதம் வந்திருக்கிறது. ஒன்று கோயிலிலிருந்து, இன்னொன்று பூசாரி மாமா வீட்டிலிருந்து. ஒரே செலவுக்குத்தான் இரண்டு பேரும் கேட்கிறார்கள் என்று நினைத்து வசூலை ஆரம்பித்துவிட்டோம். கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

சின்னத்தை மோல்மேன் பட்டணத்துக்குக் கல்யாணத்துக்குப் போனவர், அப்படியே ஊரையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கோயில் மண்டபத்தில் ஓர் ஒத்திகை நடக்கிறதாம். முனீஸ்வரர் மேடைக்குப் பின்னால் தோப்பில் இன்னொன்று. மண்டபத்தில் பூசாரிதான் கொலைகாரன். தோப்பில் கொலையே இல்லை. குருக்கள் திருட்டுத்தனமாகப் பொங்கலைத் தின்று விக்கிச் செத்தார். இரண்டுக்கும் சங்கம் வாங்கிக் கொடுத்த ஒரே மைக் செட், காலையில் அங்கே, சாயங்காலம் இங்கே.

நாடகத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். திரை விலகும்போதே பெரிய குருக்கள் மடைப்பள்ளியில் செத்துக் கிடக்கிறார், தலை சர்க்கரைப் பொங்கல் அண்டாவுக்குள். கிடா வெட்டை நிறுத்திவிட்டார் என்று பூசாரிக்கு அவர்மேல் ஆத்திரம். தட்டுக்காசில் பங்கு தரவில்லை என்று ஓதுவாருக்கு. நந்தவனத்துக்குப் பூட்டு போட்டார் என்று பண்டாரத்துக்கு. அண்டா ஓரத்தில் யாரோ விரலால் வழித்துத் தின்ற தடம் இருக்கிறது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் நேராகப் பக்கத்து மடத்துப் பொங்கியை, அதாவது புத்த பிக்குவை, பிடிக்கிறார். அவர் நிதானமாகச் சொல்கிறார்: "உச்சிப்பொழுது தாண்டினால் நாங்கள் சோறு தொடமாட்டோம். உங்கள் பொங்கல் இறங்கியதே மூன்று மணிக்கு." பர்மாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தது இந்த இடத்துக்குத்தானாம். அதன்பிறகு பொங்கிதான் துப்பறிகிறார்.

இரண்டாம் அங்கம் முடிகிற நேரத்தில் கரண்ட் போனது. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஊரில் கரண்ட் வருவதுதான் செய்தி. ஜெனரேட்டர் கிளம்பி விளக்கு எரிந்தபோது மேடையில் பிணத்தைக் காணோம். பிணமாக நடித்த மில்காரர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். அதுவும் கதை என்று சனம் கைதட்டியது. பிறகு டீசல் தீர்ந்து போனது.

எழுதிய பையன் மறுவாரமே எல்லை தாண்டிவிட்டான், நாடகம் எழுதிய நோட்டோடு. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சட்டம் அமலுக்கு வந்ததும் 18 வயதிலிருந்து 35 வரை உள்ள பையன்கள் வீட்டில் யார் நிம்மதியாகத் தூங்கினார்கள்? அதனால் கொன்றது யார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

நிஜக் குருக்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். தன்னைக் கொன்றதில் அவருக்கு வருத்தமில்லையாம், ஒரு வசனம்கூட இல்லாமல் கொன்றதில்தான். பூசாரி மாமாவுக்கோ, போலீஸ்காரரைக் கண்டு பூசாரி நடுங்குவதாகக் காட்டியதில் கோபம்.

என் கருத்து இதுதான். காசு கொடுத்துக் கொலைகாரனைத் தேர்ந்தெடுக்கிற வேலை நமக்கு வேண்டாம். பையன் எழுதிய முடிவை வாங்கி, அதையே நடத்தட்டும். யார் மாட்டினாலும் மாட்டட்டும். டீசல் என் பொறுப்பு.

----

அனுப்புபவர்: பொருளாளர், வியாசர்பாடி

தம்பி, டீசல் உன் பொறுப்பு என்கிறாய், எந்த விலையில்? 2022இல் வங்கி விலை ஒரு டாலருக்கு 2,100 கியாட் என்று வைத்தார்கள். வெளியில் அதைவிட எவ்வளவோ அதிகம். போன தடவை உண்டியல் முறையில், வங்கி இல்லாமல் ஆள் மூலமாகப் போன பணத்துக்கு ஊரிலிருந்து வந்த கணக்கு வங்கி விலையில் இருந்தது. நடுவில் உள்ளது யார் பையில் விழுந்தது என்று மூன்று மடல் எழுதிவிட்டேன். பதில் இல்லை.

செலவுப் பட்டியல் கையில் இருக்கிறது. பிணத்துக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டுப் படி போட்டிருக்கிறார்கள். அவர்தான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாராமே? விபூதி ஐந்து கிலோ. நாடகத்துக்கா, வருஷத்துக்கா? அண்டா வாடகை என்று ஒரு வரி. அண்டா கோயிலுடையது. கோயில் அண்டாவுக்குக் கோயிலே வாடகை வாங்குமா?

அப்புறம், 2008 நர்கீஸ் புயல் நிவாரணத்துக்கு வாங்கி மிஞ்சிய தகரம் இன்று யார் மாட்டுக் கொட்டகை மேல் இருக்கிறது என்று சின்னத்தை பார்த்தாரா? அதைப்பற்றி ஒரு வரியும் காணோம்.

----

அனுப்புபவர்: ஓட்டு வீட்டு மூத்தவர், திருச்சி

குருக்களைக் கொன்று சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டதா நம் ஊர்? 1964இல் ராணுவ ஆட்சியில் கடைகளை எடுத்துக்கொண்டார்கள். மே 17ஆம் தேதி 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். அப்பா நெல் விற்ற பணம் முழுதும் அந்த நோட்டுதான். அந்த வருஷமும் திருவிழா நிற்கவில்லை. இந்தியா போகக் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள்கூட வேஷம் கட்டினார்கள். நான் முருகன். என் மயிலுக்குள் இருந்தது பொருளாளரின் அண்ணன்தான், பாவம், வியர்த்துக் கொட்டும்.

அன்றைக்கு வள்ளி வேஷத்துக்கு என் அம்மாவின் ஒட்டியாணத்தை இரவல் கொடுத்தோம். இன்றுவரை திரும்பவில்லை. எந்த வீட்டில் இருக்கிறது என்று அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். இந்த மடலையும் படிப்பார்கள். தகரத்துக்குக் கணக்கு கேட்கிறவர்கள் தங்கத்துக்கும் கேட்கலாமே.

கிடா வெட்டை நிறுத்தியது தப்பு என்பதுதான் என் கட்சியும். அதற்காக அண்டாவுக்குள் தலையா? கொல்வதானாலும் ஒரு மரியாதை வேண்டாமா? நான் பணம் தரமாட்டேன். குருக்களுக்கு இரண்டு வசனம் கொடுத்தால் யோசிக்கிறேன்.

----

அனுப்புபவர்: தையல்கார வீட்டு மகள், பினாங்கு (ஊரிலிருந்து அம்மா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தது)

மரக்கடை வீட்டுத் தம்பிக்கு. என் பையன் எங்கே போனான், ஏன் போனான் என்று நூறு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறாயே, உனக்கு யோசனை வேண்டாமா? அவனைத் தேடி வந்தால் பதில் சொல்லப் போகிறவள் நான். அந்த வரியை எடுக்கச் சொல். எடுத்த பிறகு உன் அம்மாவை என்னோடு பேசச் சொல்.

பொருளாளர் அண்ணனுக்கு. விபூதி ஐந்து கிலோ சாமியார் வேஷம் போட்ட மூன்று பேருக்கு. உடம்பெல்லாம் பூசினார்கள். வந்து பார்த்திருந்தால் தெரியும்.

ஒட்டியாண விஷயத்தில் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

நோட்டை அவன் கொண்டு போகவில்லை. தையல் மெஷினுக்கு அடியில்தான் இருக்கிறது. கொன்றது யார் என்று நான் படித்துவிட்டேன். போன வாரம் குருக்கள் வாழைப்பழத்தோடு வந்தார், மறுநாள் பூசாரி அண்ணன் கோழியோடு வந்தார். இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன், ஒருத்தருக்கும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து வந்து கேட்டால் நோட்டைக் கொடுக்கிறேன். தனித்தனியாக வந்தால் இனி வாசலோடு சரி.