ஸ்னேப்பின் சின்ன வயசு: காரணமா, சாக்கா?

கடலூர்க்காரி:
மகளோடு சேர்ந்து ஹாரி பாட்டரை மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன், இப்போது ஐந்தாவது புத்தகம். ஹாரிக்கு மந்திரப் பள்ளியில் பாடம் நடத்தும் ஸ்னேப்பின் நினைவுகளுக்குள் ஹாரி ஒரு நொடி எட்டிப் பார்க்கும் இடம் வந்தது. வளைந்த மூக்குக்காரர் ஒருவர் கத்துகிறார், எதிரே ஒரு பெண் ஒடுங்கி நிற்கிறாள், மூலையில் ஒரு சின்னப் பையன் அழுகிறான், அதுதான் ஸ்னேப். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மகளோ, "அவங்க அப்பா கத்தினதுக்கு நெவில் என்னம்மா பண்ணுவான்?" என்கிறாள். (வகுப்பில் ஸ்னேப் போட்டு வாட்டும் பையன்தான் நெவில்.) நான் பல வருஷமாக ஸ்னேப் கட்சி, சட்டென்று பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

இரவுப்பறவை:
என் ஓட்டு உங்கள் மகளுக்குத்தான். மூன்றாவது புத்தகத்தில், அவரவர் பயத்தின் உருவெடுக்கும் பொகார்ட் நெவிலுக்கு யாராக வருகிறது? அவன் அப்பா அம்மாவைச் சித்திரவதை செய்து சித்தம் கலங்க வைத்த பெல்லாட்ரிக்ஸாக இல்லை, பாடம் நடத்தும் வாத்தியாராக வருகிறது! அதே புத்தகத்தில் நெவில் வகுப்பில் காய்ச்சிய மந்திரக் கஷாயத்தை அவன் வளர்க்கும் தேரையின் வாயிலேயே ஊற்றுகிறார் இந்த மனுஷன், தப்பாகக் காய்ச்சியிருந்தால் அது செத்துப்போகும் என்று தெரிந்தே. கூடப் படிக்கும் ஹெர்மயோனி காதோரம் சொல்லிக்கொடுத்ததால் தேரை தலைப்பிரட்டையானதோடு பிழைத்தது, அதற்கும் ஐந்து பாயிண்ட் வெட்டு. ஹாரியும்தான் மாடிப்படிக்குக் கீழே அலமாரியில் வளர்ந்தான், அவன் யார் தேரையைத் தொட்டான்?

பழைய சைக்கிள்:
சாக்கு இல்லை, சரி. ஆனால் அந்த மூக்கைக் கவனித்தீர்களா? கத்துகிறவருக்கும் ஸ்னேப்புக்கும் ஒரே மூக்கு. ஒரு அறையில் பெரியவன் என்றால் என்ன செய்வான் என்று அந்தப் பையன் பார்த்த ஒரே பாடம் அது, பின்னால் நெவிலின் கொப்பரைக்கு மேல் குனிந்து நின்று அதையேதான் நடத்துகிறார். ஏழாவது புத்தகத்தில் குட்டையான ஜீன்ஸும் பெரிய ஆள் கோட்டுமாக வருவானே, சின்ன வயசுத் தோழி லில்லி வீட்டு நிலவரம் கேட்டதும் வாய் ஏதோ சமாளிக்கிறது, கை மட்டும் ஒரு பிடி இலையை எடுத்துக் கிழித்துக்கொண்டே இருக்கிறது, தான் கிழிக்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டால் மொத்த ஸ்னேப்பும் அந்தக் கைதான்.

எட்டாம் வகுப்பு டீச்சர்:
எல்லாரும் வீட்டையே சொல்கிறீர்கள். ஹாக்வார்ட்ஸ் பள்ளிக்கு வந்ததும் விடிந்துவிட்டதா? கூடப் படித்த ஜேம்ஸ், அதாவது ஹாரியின் அப்பா, அவனைத் தலைகீழாகத் தொங்கவிட்டது அங்கேதான், மற்ற பிள்ளைகள் கூடி நின்று சிரிக்கிறார்கள். அப்புறம் இருபது இருபத்தொரு வயதில் அதே பள்ளிக்கு வேலைக்கு வந்துவிடுகிறார். வகுப்பை ஆய்வு செய்ய வரும் அம்ப்ரிட்ஜ் எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கும்போது 14 என்கிறார். அடி வாங்கின இடத்திலேயே பிரம்பைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? தலைமையாசிரியர் டம்பிள்டோருக்கு உளவு பார்க்க ஆள் வேண்டும், புரிகிறது. அதற்காக 11 வயதுப் பிள்ளைகளை இந்த ஆளிடம் விடலாமா? எனக்குக் கோபமே பெரியவர் மேல்தான்.

கடலூர்க்காரி:
மூக்கு விஷயத்தை மகளிடம் சொன்னேன். புத்தகத்தைப் பிடுங்கி அந்த வரியைத் திரும்பப் படித்துவிட்டு, "அப்போ ஸ்னேப் முன்னாடி பொகார்ட் வந்தா அவங்க அப்பாவா வருமா, இல்ல அவராவேவா?" என்கிறாள். யாராவது வந்து காப்பாற்றுங்கள், ஆறாவது புத்தகத்தை நாளைக்குத் தொடங்க வேண்டும்.