வரவேற்புக்கு மெழுகுதிரியா, பேட்டரி திரியா?

மணப்பெண்ணின் அக்கா

வணக்கம். ஜனவரி கடைசி வாரம் தூத்துக்குடியில் என் தங்கைக்குத் திருமணம். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்துக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று நாள் குறித்திருக்கிறோம். மாலை 4 மணிக்குக் கோயிலில் திருப்பலி, 7 மணிக்கு மண்டபத்தை ஒட்டிய புல்வெளியில் வரவேற்பு. நடைபாதையின் இரு பக்கமும், 20 மேசைகளிலும், மேடை முன்பும் சேர்த்து 150 திரிகள் வைப்பதாகத் திட்டம். அத்தனையும் பேட்டரி திரிகளாக இருக்கட்டும் என்கிறார் அலங்காரக்காரர். "பொம்மை விளக்கை வைத்தா என் பிள்ளையை வரவேற்பது?" என்று அம்மா அழாத குறை. இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழையகாயல்காரர்

மகளே, உன் அம்மா சொல்வதுதான் சரி. ஈஸ்டர் இரவில் கோயிலில் ஏற்றும் பெரிய பாஸ்கா திரி மெழுகால் ஆனதாகவே இருக்க வேண்டும், செயற்கையானது கூடாது என்று 1988இல் வத்திக்கான் சுற்றுமடலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தத் திரியிலிருந்து ஏற்றிய சுடரைத்தான் உன் தங்கையின் திருமுழுக்கின்போது, அதாவது ஞானஸ்நானத்தின்போது, ஞானப்பெற்றோர் கையில் கொடுத்திருப்பார்கள். அப்படித் தொடங்கிய பிள்ளைக்குக் கல்யாண நாளில் பிளாஸ்டிக் நாக்கு ஆடுகிற விளக்கா?

தீக்குச்சி கிழித்து ஏற்றும்போது, சுடர் பிடிக்கிறதா என்று கை ஒரு நொடி நின்று பார்க்கும். சுற்றி நிற்பவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். சுவிட்சைத் தட்டும்போது யார் நிற்கிறார்கள்?

பந்தல் அலங்காரம்

ஐயா, பாஸ்கா திரிக்குச் சொன்னது கோயிலுக்கு. பீடத்தில் எரியும் திரியை மாற்றச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, எண்ணமும் இல்லை. நான் பேசுவது புல்வெளியைப் பற்றி. ஜனவரியில் தூத்துக்குடி வாடைக்காற்று எப்படி வீசும் என்பது உங்களுக்குத் தெரியாததா? 150 திரிகளை ஏற்ற இரண்டு பையன்களுக்கு அரை மணி நேரம் ஆகும். கடைசித் திரிக்கு வருவதற்குள் முதல் வரிசையில் பாதி அணைந்திருக்கும். உயரமான கண்ணாடிக் குவளைக்குள் வைத்தால் நிற்கும், ஆனால் காற்றில் அலைக்கழிகிற சுடர் ஒரு மணி நேரத்தில் கண்ணாடியைக் கரி பிடிக்க வைத்துவிடும்.

அதைவிட முக்கியமான ஒன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் அலங்கரித்த ஒரு வரவேற்பில் நடைபாதையோரம் மெழுகுதிரிதான் வைத்திருந்தோம். மணப்பெண்ணின் தலையிலிருந்து இறங்கிய நெட் துணி ஒன்பது அடி நீளம். அதன் முனையைப் பிடித்து வந்த சிறுமி, யாரோ கூப்பிடத் திரும்பியதில் கையை விட்டுவிட்டாள். துணி ஒரு குவளையின் வாய் மேல் விழுந்தது. நெட் துணி உடனே கொழுந்துவிட்டு எரியவில்லை. முதலில் சுருங்கியது, பிறகு உருகிச் சொட்டத் தொடங்கியது. என் பையன் ஓடிவந்து மிதித்து அணைத்தான். உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஓரமெல்லாம் கறுத்து, மணிமணியாக இறுகிப்போயிருந்தது. மணப்பெண்ணுக்கு நடந்தது தெரியக்கூடத் தெரியாது, சிரித்தபடியே மேடை ஏறிவிட்டாள். எனக்கு அன்றிரவு தூக்கமில்லை. அதன் பிறகு நடைபாதையில் நான் நெருப்பு வைப்பதில்லை. அதற்காக வேலை கைவிட்டுப் போனாலும் சரி.

பழையகாயல்காரர்

உங்கள் பயம் புரிகிறது, தம்பி. ஆனால் மின்சாரம் மட்டும் பத்திரமா? 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் தீயில் இறந்தார்கள். அங்கே காரணம் மெழுகுதிரி அல்ல. வீடியோ எடுக்க இழுத்த மின்கம்பியிலிருந்துதான் கீற்றுப் பந்தல் பற்றியது.

பந்தல் அலங்காரம்

ஐயா, எங்கள் தொழிலில் இருக்கும் எவரும் அந்த நாளை மறக்க மாட்டார்கள். ஆனால் 230 வோல்ட் கம்பியையும் 3 வோல்ட் பேட்டரியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஸ்ரீரங்கத்தில் உயிர்களைக் கொண்டுபோனது தலைக்கு மேலிருந்த கீற்று. இன்று கீற்று போய், அந்த இடத்தில் பாலியெஸ்டர் துணி, தெர்மாகோல், பிளாஸ்டிக் பூ. 2023 செப்டம்பரில் ஈராக்கின் கராகோஷ் என்ற கிறிஸ்தவ ஊரில் கல்யாண மண்டபத்துக்குள் வாணம் கொளுத்தினார்கள். கூரை அலங்காரம் பற்றி நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். சிறு பொறி எதன் மேல் விழுகிறது என்பதுதான் கேள்வி. நாங்கள் கட்டுகிற துணியில் எது எவ்வளவு வேகமாக எரியும் என்று எங்களுக்குத் தெரியும், அதனால்தான் கெஞ்சுகிறோம்.

இன்னொன்று. கடையில் வாங்கும் திரி பெரும்பாலும் பாரஃபின், பெட்ரோலியத்திலிருந்து வருவது. அதைத் தேன்மெழுகு போலப் புனிதமாக்கிப் பேச வேண்டியதில்லை.

படம் பிடிப்பவர்

இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வோம், எண் கூடினால் மஞ்சள் குறைந்து வெளுக்கும். மெழுகுச் சுடரின் ஒளி ஏறத்தாழ 1,900 கெல்வின், நல்ல பொன்மஞ்சள். மேடையில் நாங்கள் போடும் வெள்ளை விளக்கு 5,600. அதன் முன்னால் எந்தத் திரியை வைத்தாலும் படத்தில் வெறும் குச்சிதான். 150 திரிகளுக்குச் செலவு செய்துவிட்டுப் புல்வெளி முழுவதும் வெள்ளை விளக்கை எரியவிட்டவர்கள் ஏராளம். மணமக்கள் நடந்து வருகிற பத்து நிமிடமாவது பெரிய விளக்குகளைத் தணியுங்கள்.

மலிவான பேட்டரி திரிகள் ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில், ஒரே தாளத்தில் துடிக்கும். பத்தை வரிசையாக வைத்தால் கண்ணை உறுத்தும். முன்பணம் கொடுக்கும் முன் இருட்டில் எரியவிட்டுப் பாருங்கள்.

குழந்தைகள் வார்டு செவிலியர்

மேசைத் திரிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிறிய பேட்டரி திரிகளின் அடியில் சிஆர் 2032 என்ற பொத்தான் பேட்டரி இருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயம். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். காசை விழுங்கிவிட்டான் என்று நினைத்துக் காத்திருக்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். நகத்தால் நெம்பினால் திறக்கும் மூடியுள்ளதை வாங்கவே வாங்காதீர்கள். பென்சில் பேட்டரி போட்டு, திருகாணியால் மூடியதாகக் கேளுங்கள்.

மணப்பெண்ணின் அக்கா

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மொட்டைமாடியில் இரண்டு வகையிலும் ஐந்தைந்து வைத்துப் பார்த்தோம். கண்ணாடிக்குள் இருந்த மெழுகுதிரிகள் காற்றோடு மல்லுக்கட்டின. வெளியே வைத்தவை கால்மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அம்மா ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப ஏற்றினார். பிறகு பேசாமல் கீழே போய், பீரோவிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். உள்ளே தங்கையின் திருமுழுக்குத் திரி. பாதி எரிந்து, பழுப்பேறி, அன்று கட்டிய வெள்ளை ரிப்பன் அப்படியே இருந்தது. இருபத்தாறு ஆண்டுகளாக அதை வைத்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது.

நடைபாதைக்கும் மேசைகளுக்கும் செவிலியர் அக்கா சொன்ன வகைப் பேட்டரி திரிகள்தான். மேடைக்கு முன்னால் பெரிய உருளியில் தண்ணீரும் பூவும் நிரப்பி, நடுவில் ஒரு செங்கல் வைத்து, அதன் மேல் அந்தத் திருமுழுக்குத் திரி. அம்மாவே ஏற்றுவார்.

பழையகாயல்காரர்

மேசைகளில் பேட்டரி என்பதை நான் இன்னும் ஒப்பவில்லை. காற்றுக்கு மறைப்புக் கட்டியிருக்கலாம். ஆனால் உருளியில் அந்தத் திரி நிற்பது சரி. ஏற்றும்போது ஞானத்தாயையும் பக்கத்தில் நிறுத்துங்கள். முடிந்ததும் வாயால் ஊத வேண்டாம், பூவால் அமர்த்துங்கள்.

பந்தல் அலங்காரம்

உருளியைச் சுற்றி நான்கு அடிக்குத் துணியோ பிளாஸ்டிக் பூவோ வராமல் கட்டச் சொல்லுங்கள், சகோதரி. தங்கை தலைத்துணியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்ட பிறகு ஏற்றட்டும். திரி அமர்த்தப்படும் வரை வாளித் தண்ணீரோடு ஒரு பையன் அங்கேயே நிற்கட்டும்.